அக்னி மூலையில் மைக்ரோவேவ்

வைத்தீஸ்வரனுக்குக் கோபம் வந்தால் கத்த மாட்டார். தட்டை ஒரு விரற்கடை தள்ளி வைப்பார். அடுப்பிலிருந்து இறக்கிய மொளகூட்டல், அதாவது தேங்காய் அரைத்துவிட்ட பருப்புக் கூட்டு, தட்டுக்கு வருவதற்குள் வாசலில் யாரோ கூப்பிட்டு, அனந்தலக்ஷ்மி எட்டிப் பார்த்துவிட்டு வந்து பரிமாறினால் போதும், முதல் கவளத்திலேயே கண்டுபிடித்துவிடுவார். "ஆறிப் போயிடுத்து" என்பார். தட்டு நகரும். அந்த ஒரு விரற்கடைக்குப் பயந்து அவர் மனைவி அனந்தலக்ஷ்மி, கல்யாணமான நாள் முதல் ராத்திரி ஏழரை மணிக்கு அடுப்படியை விட்டு அகன்றதில்லை. கச்சேரியோ கல்யாண ரிசப்ஷனோ ஏழரைக்கு முன்னால் முடிந்தால் அவளுக்கு உண்டு. முடியாவிட்டால் மறுநாள் போனில் விசாரித்துக்கொள்வாள்.

மட்டாஞ்சேரி பஜார் ரோட்டில் சுக்கும் மிளகும் ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் கணக்கு எழுதி ஓய்வு பெற்றவர் வைத்தீஸ்வரன். சாப்பாட்டைப் பற்றி அவரிடம் ஒரு சித்தாந்தம் இருந்தது. அக்னி பகவான் தொட்ட சூட்டோடு அன்னம் வயிற்றுக்குள் போய்விட வேண்டும். நடுவில் இடைவெளி விழுந்தால் அது பழையது. பழையது புத்தியை மந்தமாக்கும். எந்த சாஸ்திரத்தில் இப்படி இருக்கிறது என்று கேட்டால் "எல்லாத்துலயும்" என்பார். அக்னி பகவானுக்கும் இவருக்கும் நடுவே சம்பளமில்லாத எடுபிடி ஒருத்தி வேர்த்துக் கொட்டிக்கொண்டு நிற்பதைப் பற்றி எந்த சாஸ்திரமும் மூச்சு விடவில்லை.

இப்படிப்பட்டவளுக்கு ஐம்பத்தைந்தாவது வயதில் செண்டைப் பைத்தியம் பிடித்தது. தெருமுனையில் மாவு மில் நடத்துகிற பேச்சியம்மாள் பெண்களை மட்டும் சேர்த்து ஒரு சிங்காரி மேளக் குழு ஆரம்பித்திருந்தாள். அரிசி அரைக்கப் போன அனந்தலக்ஷ்மி, மில்லுக்குப் பின்னால் பத்துப் பெண்கள் வரிசையாக உட்கார்ந்து கருங்கல்லில் புளியங்கோலால் தட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தாள். செண்டை கற்பவர்கள் முதலில் கல்லில்தான் தட்ட வேண்டுமாம். யார் மேலும் கோபப்படாமல், யாருக்கும் பதில் சொல்லாமல், அத்தனை பலத்தோடு எதையாவது அடிக்கலாம் என்பது அவளுக்குப் புதுசாக இருந்தது. மாவு அரைபட்டு முடிந்தும் அவள் வீட்டுக்குக் கிளம்பவில்லை.

பயிற்சி மத்தியானம் நடந்ததால் வம்பில்லை. வீட்டில் அம்மிக்கல்லில் தட்டிப் பழகினாள். ஹாலில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த வைத்தீஸ்வரன் சம்மந்தித் துவையலுக்கு அரைக்கிறாளாக்கும் என்று வெகு நாள் சந்தோஷமாக இருந்தார். சம்மந்தி தட்டுக்கு வராதபோதுதான் விஷயம் தெரிந்தது. தெரிந்தும், பொம்மனாட்டிகளுக்குப் பொழுது போக வேண்டாமா என்று பெருந்தன்மையாக விட்டுவிட்டார். அவர் சாப்பாட்டு நேரத்தைத் தொடாத எந்தப் பைத்தியத்தையும் அவர் ஆட்சேபித்ததில்லை.

தொட்டது செப்டம்பரில். குழுவின் அரங்கேற்றம் வல்லார்பாடத்தில், மாதா கோயில் பெருநாள் ஊர்வலத்தில் என்று முடிவாயிற்று. சாயங்காலம் தொடங்கி இருட்டின பிறகுதான் முடியும். ஏழரை மணி சரியாக அதன் நடு வயிற்றில் விழுந்தது.

அனந்தலக்ஷ்மி யோசித்து, மத்தியானச் சாப்பாட்டின் நடுவில், ரசம் ஆவி பறக்கும்போது விஷயத்தைச் சொன்னாள். சூடான ரசத்தை விட்டுவிட்டு அவர் எழுந்து போக மாட்டார் என்பது அவள் கணக்கு.

"மாதா பள்ளிப் பெருநாளுக்கா?" வைத்தீஸ்வரனின் கை அந்தரத்தில் நின்றது. "பிராமணாத்து மாமி செண்டையைத் தோள்ல மாட்டிண்டு பாதிரியார் பின்னாடி போறதா?"

"முன்னாடி. மேளம் முன்னாடியாக்கும் போகும்."

"எந்தா அனந்தம் இது! நாலு பேர் பார்த்தா என்ன சொல்லுவா?"

"நாலு பேர் இல்லை, நாலாயிரம் பேர் பார்ப்பா. பேச்சியம்மா சொன்னா."

வைத்தீஸ்வரன் ரசத்தைக் குடித்து முடித்தார். பிறகு தீர்ப்புச் சொன்னார். "நான் வேண்டாம்னு சொல்லலை. நன்னாப் போய்க்கோ. ஏழரைக்கு நேக்குச் சூடா சாப்பாடு இருக்கணும். வேற ஒண்ணும் வேண்டாம்." மனிதர் ஜென்மத்தில் ஒருமுறைகூட எதையும் கூடாது என்று சொன்னதில்லை. இப்படித்தான் சொல்வார்.

அன்று சாயங்காலம் மஸ்கட்டிலிருந்து மகன் ஸ்ரீநாத் கூப்பிட்டபோது அனந்தலக்ஷ்மி அழுதுவிட்டாள். அவமானமாகத்தான் இருந்தது. ஆனாலும் அழுதாள். "செண்டை போனாப் போறதுடா. நேக்குன்னு ஒரு சாயங்காலம், ஒரே ஒரு சாயங்காலம் கிடையாதா?" என்றாள். ஸ்ரீநாத் ஆறுதல் சொல்லத் தெரியாத பிள்ளை. அதனால் ஒரு மைக்ரோவேவ் வாங்கி அனுப்பினான்.

பெட்டி வந்து இறங்கியதும் வைத்தீஸ்வரன் அதைச் சுற்றி ஒரு பிரதட்சிணம் வந்தார். "இதுல அக்னி எங்கே இருக்கு?"

"அக்னி இல்லை. அலை. சாதத்துல இருக்கற தண்ணியை அது சூடாக்கும்."

"அக்னி இல்லாம சூடா?" அவர் உதட்டைப் பிதுக்கினார். ஆனால் வாக்கு வாக்குதான். அடுப்புச் சூடு மாதிரியே தட்டில் சூடு வந்தால் வல்லார்பாடம், வராவிட்டால் வீடு என்று ஒப்பந்தம் ஆயிற்று. நின்ற இடத்திலேயே அடுத்த நிபந்தனையையும் போட்டார். அக்னி இல்லாத குறைக்கு, பெட்டியை அக்னி மூலையிலாவது வைக்க வேண்டும். அதாவது அடுப்படியின் தென்கிழக்கு மூலையில், கேஸ் அடுப்புக்கு நேர் மேலே இருக்கும் மர அலமாரிக்குள். கதவைச் சாத்திவிட்டால் யார் கண்ணிலும் படாது என்பது உபரி லாபம்.

அனந்தலக்ஷ்மி பெட்டிக்குள் இருந்த புத்தகத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தாள். தமிழ் அவளுக்குப் பேசவும் திட்டவும்தான். படிப்பதற்கு மலையாளம். புத்தகத்தில் மலையாளமும் இருந்தது. வைத்தீஸ்வரன் இங்கிலீஷ் பக்கங்களைப் பிரித்து, உரக்க ஒரு வரி படித்துவிட்டு, "இதெல்லாம் விவரமில்லாதவாளுக்கு எழுதினது" என்று மூடி வைத்துவிட்டார். அவள் விவரமில்லாதவளாகவே இருந்து முதலிலிருந்து கடைசிவரை படித்தாள்.

எலக்ட்ரீஷியன் அனீஸ் வந்தான். அந்தத் தெருவில் எந்த வீட்டு ஃபியூஸ் போனாலும் அவன்தான் வருவான். அவனுக்குத் தெரியாத ஒயர் மட்டாஞ்சேரியில் இல்லை. அவன் பயப்படுகிற ஒயரும் இல்லை. அதுதான் சிக்கல்.

"அலமாரிக்குள்ள வெச்சுரலாம் சாமி" என்றான் வைத்தீஸ்வரனிடம். "பிரிட்ஜோட பிளக்குலேருந்து ஒரு எக்ஸ்டென்ஷன் இழுத்தாப் போதும். அஞ்சு நிமிஷ வேலை."

"அதாக்கும் நானும் சொல்றேன்" என்றார் வைத்தீஸ்வரன். இரண்டு ஆண்களும் ஒரு முடிவுக்கு வந்துவிட்ட திருப்தியோடு அலமாரியைப் பார்த்தார்கள்.

"வேண்டாம்" என்றாள் அனந்தலக்ஷ்மி.

அனீஸ் திரும்பினான். மாமி புத்தகத்தை ராமாயணம் படிக்கிறவள் மாதிரி மடியில் விரித்து வைத்திருந்தாள். "இது கரண்ட்டை நிறையக் குடிக்கும். தனி லைன் வேணும், பெரிய மூணு பின் பிளக்கு வேணும், எர்த்து வேணும். எக்ஸ்டென்ஷன் கூடாது. கேஸ் அடுப்புக்கு மேல வெச்சா கீழேருந்து ஆவி அடிக்கும். அலமாரிக்குள்ள வெச்சுக் கதவைச் சாத்தினா அது மூச்சு முட்டிச் சாகும்."

"மாமி, புக்குல அப்டித்தான் எழுதுவாங்க. அவங்க மேல கோர்ட்டுக் கேஸ் வந்துரும்னு பயமாக்கும்."

"நேக்கும் பயம்தான். சுவிட்சு தனியா, கை நீட்டினா எட்டற தூரத்துல, பெட்டிக்குப் பின்னாடி ஒளிஞ்சுக்காம வெளியில இருக்கணும்."

"அதுவும் புக்குல உண்டோ?"

"இல்லை. அது இவரோட குடித்தனம் பண்ணித் தெரிஞ்சுண்டது."

அனீஸ் தலையைச் சொறிந்துகொண்டே மீட்டர் பலகையிலிருந்து லைன் இழுக்கப் போனான். தனி லைனை எர்த்தோடு இழுக்கச் சௌகரியமான சுவர் சாப்பாட்டு ஹாலில்தான் இருந்தது. அங்கே கனமான மர மேஜையும் இருந்தது. ஆனால் வைத்தீஸ்வரன் போனைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். போனில் திசைகாட்டி இருக்கிறது. தென்கிழக்கு என்று அது சொல்லாத இடத்தில் அவர் சம்மதிக்கமாட்டார். அக்னி மூலை தப்பினால் குடும்பத்துக்கே ஆகாது என்று அனீஸுக்கு விளக்கினார். அனீஸ் ஒயரைப் பல்லில் கடித்தபடி தலையாட்டினான்.

அனந்தலக்ஷ்மிக்கு வாய் வரைக்கும் வந்தது. விழுங்கினாள். கணவரின் முழங்கையைப் பிடித்து இதமாக நகர்த்தினாள். "அங்கே இருட்டா இருக்கு. இப்படி இந்தப் பீரோ பக்கத்துல வந்து பாருங்கோ, நன்னாத் தெரியும்."

இரும்புப் பீரோவுக்குப் பக்கத்தில் திசைகாட்டி தாறுமாறாக ஆடும் என்பது அவளுக்குத் தெரியும். ஸ்ரீநாத் போன லீவில் வந்தபோது விளையாட்டாகக் காட்டியிருந்தான். போனில் வட்டம் ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் தள்ளாடி, தென்கிழக்குக் குறி சாப்பாட்டு மேஜையைப் பார்க்க நின்றது. வைத்தீஸ்வரன் மூக்குக்கண்ணாடியை ஏற்றிக்கொண்டு உற்றுப் பார்த்தார். "ஆச்சரியமா இருக்கே. ஹால்லயும் அக்னி மூலை இங்கேதான் வரது" என்றார். எட்டுத் திசைக்கும் காவல் நிற்கிற தேவர்கள் ஒரு பீரோவுக்காக ஒதுங்கி நின்றார்கள். மைக்ரோவேவ் மேஜைமேல் ஏறியது. பின்னால் ஒரு சாண், இரண்டு பக்கமும் கை போகிற இடைவெளி, தலைக்கு மேலே வெட்டவெளி.

வெட்டவெளி ஒரு மணி நேரம்கூட நிலைக்கவில்லை. அவள் குளித்துவிட்டு வந்து பார்த்தால் பெட்டியின் தலையில் சரிகைத் துண்டு, துண்டின் மேல் பிள்ளையார், பிள்ளையார் கழுத்திலிருந்து பெட்டியின் இரு பக்கமும் தொங்குகிற சாமந்தி மாலை. காற்றுப் போகிற ஓட்டைகளின் மேல் சந்தனம் குழைத்து அப்பி, நடுவில் குங்குமம்.

"மூக்குல சந்தனத்தை அடைச்சா அது எப்படி மூச்சு விடும்?" என்று கேட்டுக்கொண்டே அனந்தலக்ஷ்மி ஈர்க்குச்சியால் ஓட்டை ஓட்டையாகக் குடைந்து எடுத்தாள். பிள்ளையார் பீரோவுக்குப் போனார். துண்டு கொடிக்குப் போயிற்று.

"ஆகட்டும், ஒரு தரம் சும்மா ஓட்டிப் பார்க்கலாம்" என்று பொத்தானுக்கு விரலை நீட்டினார் வைத்தீஸ்வரன்.

"காலியா ஓட்டப்படாது! உள்ளே ஏதாவது இருக்கணும்."

"அப்போ பால் காய்ச்சணும். புது அடுப்புன்னா முதல்ல பால் காய்ச்சி, பொங்கி வழியணும். அதுதான் முறை." உள்ளே போய் வெங்கலப் பானையோடு வந்தார். கழுத்தில் மஞ்சள் கொத்துகூடக் கட்டியாயிற்று. அவ்வளவு சுறுசுறுப்பை அவரிடம் அவள் கல்யாணத்தன்றுகூடப் பார்த்ததில்லை.

"உலோகம் கூடாது. வெங்கலம், வெள்ளி, எவர்சில்வர், ஈயம், எதுவும் கூடாது. பொறி பறக்கும். கண்ணாடியோ பீங்கானோதான்."

"பீங்கான்ல பால் காய்ச்சற குடும்பமா நாம?"

"இன்னிக்கு முதல் ஆமாம்."

மைக்ரோவேவுக்கு ஆகிவரும் கண்ணாடிக் கிண்ணத்தில் பாலை ஊற்றினாள். திடீரென்று பொங்கிச் சிதறாமல் இருக்க ஒரு மரக்கரண்டியை உள்ளே போட்டாள். மஞ்சள் கொத்தைக் கட்ட இடமில்லாமல் அவர் அதைக் கையிலேயே பிடித்துக்கொண்டு நின்றார். கண்ணாடிக் கதவு வழியாக இரண்டு பேரும் குனிந்து பார்த்தார்கள். பால் ஏறி, நுரைத்து, மரக்கரண்டியைத் தாண்டி, சுற்றுகிற தட்டு முழுக்க வழிந்தது. வைத்தீஸ்வரன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். துடைத்தது அனந்தலக்ஷ்மி.

அதன் பிறகு நாலைந்து நாள் அவருக்கு வகுப்பு நடந்தது. கிண்ணத்தை வை, மூடியைக் கொஞ்சம் திறந்து வை, இந்தப் பொத்தானை ஒரு தரம் அழுத்து, எடுத்துக் கிளறு, இன்னொரு தரம் அழுத்து, துணி பிடித்து இறக்கு. அவர் கவனிக்கிற பாவனையில் ஜன்னலைப் பார்த்தார். சாதமும் மொளகூட்டலும் நெருப்பாகச் சூடாகி வந்தன. விரலை வைத்துப் பார்த்து, குற்றம் சொல்ல ஏதும் கிடைக்காத வருத்தத்தோடு ஒப்புக்கொண்டார். ரசத்துக்கு மட்டும் முகம் கோணினார். அவருடைய அம்மா கொண்டுவந்த ஈயச்சொம்பில் வைத்து, அதிலிருந்தே ஊற்றினால்தான் ரசம். கண்ணாடியில் இருந்து ஊற்றுவது புளித்தண்ணி. "ஒரு ராத்திரிக்குத்தானே, கண்ணை மூடிண்டு சாப்பிடுங்கோ" என்றாள். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஒன்றும் சொல்லாதபோதுதான் அவரைப் பற்றிப் பயப்பட வேண்டும் என்பதை அவள் அரங்கேற்ற சந்தோஷத்தில் மறந்துவிட்டாள்.

பெருநாளன்று சாதம், மொளகூட்டல், ரசம் மூன்றையும் இரண்டு பேருக்கும் அளவாகக் கண்ணாடிக் கிண்ணங்களில் எடுத்து மேஜையில் வரிசையாக வைத்தாள். ஈயச்சொம்பைக் கழுவிக் கவிழ்த்தாள். சிவப்பு ரவிக்கையும் சரிகைக் கரை போட்ட கசவுப் புடவையும் உடுத்தி, வேனில் ஏறினாள். வேன் கோஸ்ரீ பாலங்களைத் தாண்டும்போது கப்பல் துறையின் பெரிய பெரிய கிரேன்கள் தெரிந்தன. பள்ளிக்கூடச் சுற்றுலா போகிறவளைப் போல ஜன்னலை விட்டு அவள் முகத்தை எடுக்கவில்லை.

மேளம் தொடங்கியது. தோளில் செண்டை இழுத்த இழுப்பில் முதலில் முதுகு வலித்தது. அப்புறம் வலி எங்கே போயிற்று என்று தெரியவில்லை. முன் வரிசையில் பேச்சியம்மாள் கோலை உயர்த்தித் தாளத்தின் வேகத்தை மாற்றும்போதெல்லாம் இருபது கைகள் ஒன்றாக விழுந்தன. அவற்றில் இரண்டு தன்னுடையவை என்று நினைத்தபோது அனந்தலக்ஷ்மிக்குச் சிரிப்பு வந்தது. வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே அடித்தாள். இடுப்பில் செருகியிருந்த போன் விட்டு விட்டு அதிர்ந்ததை, செண்டை அதிர்வு இடுப்புக்கும் வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

ஊர்வலம் ஜெபத்துக்காக நின்றபோதுதான் போனை எடுத்துப் பார்த்தாள். வரிசையாக ஒரே பெயர். கோலைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு கூப்பிட்டாள்.

"அனந்தம்! உள்ளே மின்னறது! நீலமா மின்னறது, பட் பட்டுனு வெடிக்கறது!"

"என்னத்தை உள்ளே வெச்சேள்?"

"ரசம்."

"கிண்ணத்தோடதானே?"

பின்னணியில் நிஜமாகவே பட் பட்டென்று கேட்டது. பிறகு மெல்லிய குரல் வந்தது. "சொம்புல மாத்தினேன்."

திட்ட நேரமில்லை. "இப்பவும் ஓடிண்டிருக்கா? நீங்க எங்கே நிக்கறேள்?"

"வாசல்ல. பத்து நிமிஷத்துக்கு அழுத்திட்டேன். நன்னாச் சூடாகட்டுமேன்னு."

"கேட்டேளா, நான் சொல்றதை மட்டும் பண்ணுங்கோ. உள்ளே போங்கோ. பெட்டிக்கிட்டப் போக வேண்டாம், கதவைத் தொடவே வேண்டாம். சுவத்துல தனியா ஒரு சுவிட்சு இருக்கோல்லியோ, கையை நீட்டி அதை அணைங்கோ."

காலடிச் சத்தம் கேட்டது. அந்த வீட்டின் வாசலிலிருந்து ஹாலுக்கு இவ்வளவு தூரமா என்று அவளுக்குத் தோன்றியது. இந்த மனுஷனுக்கு ஏதாவது ஆகிவிட்டால் தன்னைத் தானே மன்னிக்க முடியாது என்று நினைத்தாள். இவர் பிழைத்து வந்தால் தன் கையாலேயே கொல்ல வேண்டும் என்றும் நினைத்தாள். இரண்டும் ஒரே மூச்சில் வந்தன. டக் என்று சுவிட்சு விழுந்தது. வெடிச் சத்தம் நின்றது.

"அணைச்சாச்சு."

"புகை இருக்கோ?"

"இல்லை. நாத்தம் மட்டும்தான்."

"கையில கால்ல ஒண்ணும் படலையே?"

"இல்லை." அவர் மூச்சு வாங்குவது கேட்டது. கொஞ்சம் தேறியதும் குரலில் பழைய வைத்தீஸ்வரன் திரும்பி வந்தார். "நீ ஒரு ஆட்டோ பிடிச்சு உடனே வந்துடு. ஒப்பந்தம் ஞாபகம் இருக்கோல்லியோ? இந்தப் பெட்டி நேக்குச் சூடாச் சாப்பாடு தரலை."

முன்னால் பேச்சியம்மாள் திரும்பிப் பார்த்தாள். கோல் தோளுக்கு மேல் எழுந்து நின்றது. "மாமி, வாறீங்களா இல்லையா? தொடங்கணும்லா" என்று கத்தினாள். அனந்தலக்ஷ்மி தன் வரிசையைப் பார்த்தாள். தான் போனால் அந்த இடம் பல் விழுந்த மாதிரித் தெரியும். அதைவிட, இன்றைக்குப் போனால் இனி என்றைக்கும் போக வேண்டியிருக்கும் என்று அவளுக்கு நிச்சயமாகத் தெரிந்தது. அடுத்த தடவை மைக்ரோவேவ் தேவைப்படாது. ஒரு தும்மல் போதும்.

"பெட்டி தந்துதான் இருக்கும், நீங்கதான் விடலை" என்றாள். "மேஜையில சாதம் இருக்கு, மொளகூட்டல் இருக்கு. எடுத்துப் போட்டுண்டு சாப்பிடுங்கோ."

"ஆறினதையா?"

"ஆறினதைத்தான்."

போனை இடுப்பில் செருகிக்கொண்டாள். கோல் விழுந்தது.

அவள் வீட்டுக்குள் நுழைந்தபோது வைத்தீஸ்வரன் மைக்ரோவேவுக்கு எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். கட்டுண்ட பிசாசுக்குக் காவல் இருப்பவர் போல அவர் கண் அதைவிட்டு நகரவில்லை. அனந்தலக்ஷ்மி பிளக்கைப் பிடுங்கினாள். பிறகு கதவைத் திறந்தாள். ஈயச்சொம்பின் விளிம்பில் கறுப்பாக வடு, உள்சுவரிலும் ஒரு கறுப்புப் பொட்டு. "மெக்கானிக் வந்து பார்க்கற வரைக்கும் இதை யாரும் தொட வேண்டாம்" என்றாள். அவர் தலையாட்டினார்.

மேஜையைப் பார்த்தாள். சாதக் கிண்ணம் காலி. மொளகூட்டல் கிண்ணத்தில் விரலால் வழித்த தடம்.

"நேக்கு வெச்சதையும் சேர்த்தா சாப்பிட்டேள்?"

"பசிச்சுது" என்றார். ருசியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. கிண்ணங்கள் சொன்னதே போதுமாக இருந்தது.

பெருநாளில் கொடுத்த சாப்பாட்டுப் பொட்டலத்தில் கோழி இருந்தது. அதைப் பேச்சியம்மாளிடம் தள்ளிவிட்டுத்தான் வந்திருந்தாள். அடுப்பு மூட்டுகிற தெம்பு இல்லை. சுவரில் சாய்ந்து தரையில் உட்கார்ந்து, "நேக்கும் பசிக்கறது" என்றாள். இத்தனை வருஷத்தில் அந்த வாக்கியத்தை அவரிடம் சொன்னதே இல்லை என்று சொன்ன பிறகுதான் அவளுக்கு உறைத்தது. மடியில் மலர்ந்து கிடந்த அவள் உள்ளங்கைகளில் கொப்புளங்கள் சிவந்திருந்தன. வைத்தீஸ்வரன் அவற்றைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுந்து அடுப்படிக்குள் போனார்.

டப்பாக்கள் திறந்து மூடுகிற சத்தம் வந்தது. எது எங்கே இருக்கிறது என்று கேட்டுக் கூப்பிடுவார் என்று எதிர்பார்த்தாள். கூப்பிடவில்லை. ஏதோ ஒரு மூடி தரையில் உருண்டு ஓடியது. கடைசியில் ஒரு தட்டோடு வந்து அவள் முன்னால் வைத்தார். தயிரில் ஊறிய அவல். மேலே ஒரு பச்சை மிளகாய், காம்போடு, முழுசாக.

"அடுப்பு பத்த வெக்கத் தெரியலை" என்றார். "இதுக்குத் தீ வேண்டாமோல்லியோ."

அக்னி பகவான் பக்கத்திலேயே வராத சாப்பாடு. அனந்தலக்ஷ்மி தட்டைக் கிட்டே இழுத்துக்கொண்டாள். ஒரு வாய் எடுத்துப் போட்டுக்கொண்டாள். மென்றாள். பிறகு நிதானமாகத் தட்டை ஒரு விரற்கடை தள்ளி வைத்தாள்.

"உப்பு கூடிப் போச்சு."

வைத்தீஸ்வரன் தட்டைப் பார்த்தார், அவளைப் பார்த்தார். குனிந்து தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய் இன்னும் கொஞ்சம் தயிர் விட்டுக் கொண்டுவந்தார். இந்தத் தடவை அவள் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாள், மிளகாயைத் தவிர.

"அடுத்தது எப்போ?" என்று சுவரைப் பார்த்துக் கேட்டார்.

"ஞாயித்துக்கிழமை. ஆலுவாவில."

அவர் அடுப்படிக்குள் போய் அவல் டப்பாவைத் திறந்து, எவ்வளவு இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார்.